கோதுமைக் கிடங்கில் சித்திரக் காட்சி

லண்டன் மாநகருக்குப் போகிறவர்கள் பக்கிங்ஹாம் அரண்மனையைப் பார்க்கிறார்கள். பிக் பென் மணிக்கூண்டை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலியும் சம்பாதித்துக்கொள்கிறார்கள். நேயர்களே, அதையெல்லாம் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் நீங்கள் போகும் சமயம் மே மாதக் கடைசியாகவோ ஜூனாகவோ இருந்தால் இன்னொன்றையும் தவற விடாதீர்கள். ஓவியக் கலாசாலைகளில் படிப்பை முடிக்கும் மாணவ மாணவிகள், தங்கள் வேலையைச் சுவரில் மாட்டி ஊராரை அழைத்துக் காட்டும் பருவம் அது. பட்டக் கண்காட்சி என்று அதற்குப் பெயர்.

அதில் நாகரிக உடைச் சித்திரம் என்று ஒரு பகுதி உண்டு. உடையைத் தைப்பது ஒரு கலை, அதை வரைந்து, பார்க்கிறவர் மனத்தில் "நாமும் உடுத்திப் பார்த்தால் என்ன?" என்ற ஆசையைக் கிளப்புவது இன்னொரு கலை. அந்தச் சித்திரங்கள் எப்படித் தயாராகின்றன என்று தெரிந்துகொள்ள விருப்பமா? ஹீத்ரோ விமான நிலையத்திலேயே பிக்காடில்லி பாதாள ரயிலில் ஏறி உட்காருங்கள். வழிப்படத்தில் கருநீலக் கோடாகப் போட்டிருப்பார்களே, அதுதான். ஒரு மாணவியின் ஒரு வருஷத்து உழைப்பு முழுவதையும் அந்த ஒரே கோட்டில் பார்த்துவிடலாம்.

சவுத் கென்ஸிங்டன்

இங்கே இறங்கினால் விக்டோரியா ஆல்பர்ட் மியூஸியம். கைத்தொழில் செய்கிறவர்கள் நல்ல பொருள்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று 1852-ல் தொடங்கிய ஸ்தாபனம் இது. நிரந்தரக் காட்சிகளுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. மூலைக்கு மூலை யாராவது மடியில் நோட்டுப் புத்தகமும் கையில் பென்ஸிலுமாக உட்கார்ந்திருப்பதைக் காண்பீர்கள்.

"புகைப்படம் எடுத்துக்கொண்டு போய்விடலாமே!" என்று நீங்கள் கேட்கலாம். எடுக்கலாம். ஆனால் காமிரா எதிரில் இருப்பதையெல்லாம் ஒரே நொடியில் அள்ளிக்கொண்டு போய்விடும். பென்ஸில் அப்படியல்ல. தோளில் கை எங்கே இணைகிறது, பட்டு எப்படி ஒடிந்து விழுகிறது, கம்பளி எப்படிக் கனத்துத் தொங்குகிறது என்று ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டுதான் நகரும்.

இன்னொரு ரகசியமும் கேளுங்கள். சாதாரண மனித உடலின் உயரம், தலையின் அளவைப்போல் ஏறக்குறைய ஏழரை மடங்கு. உடைச் சித்திரத்து மங்கைக்கோ ஒன்பது அல்லது பத்து மடங்கு! உபரி உயரத்தில் பெரும் பங்கு கால்களுக்குத்தான் போகும். துணி விழும் அழகு நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்லும் பொய் அது. பொய்யைப் பொருந்தச் சொல்ல வேண்டுமானால் உண்மை தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? அதனால்தான் மாணவர்கள் ஆளை எதிரில் நிறுத்தி, இரண்டு நிமிஷத்துக்கு ஒரு நிலை, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு நிலை என்று வரைந்து தள்ளுகிறார்கள். உடம்பின் பாரம் எந்தக் காலில் நிற்கிறது என்பதைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பிக்காடில்லி சர்க்கஸ்

இங்கிருந்து ஸோஹோவுக்குள் சற்று நடந்தால் பெர்விக் தெரு. துணிக்கடைகளுக்குப் பெயர் போனது. வரைகிறவளுக்குத் துணிக்கடையில் என்ன வேலை? விரலால் தடவிப் பார்க்கத்தான்! மெல்லிய ஷிபானை வரைய வேண்டுமானால் ஈரக் காகிதத்தில் நீர்வர்ணத்தைப் படர விட வேண்டும். கம்பளிக்குக் கரித்துண்டைப் படுக்க வைத்துத் தேய்க்க வேண்டும். ஸாட்டினின் பளபளப்புக்கோ வர்ணமே வேண்டாம். அந்த இடத்தில் காகிதத்தின் வெள்ளையை அப்படியே விட்டுவிட வேண்டும். எங்கே தீட்டக் கூடாது என்று தெரிவதுதான் கடினம்.

லெஸ்டர் ஸ்க்வேர்

மேலே ஏறி சேரிங் கிராஸ் ரோடில் 107-ம் எண் கட்டடத்தைப் பாருங்கள். 2014 முதல் அது பாயில்ஸ் புத்தகக் கடை. அதற்கு முன் அங்கே இருந்தது ஸெயின்ட் மார்ட்டின்ஸ் கலாசாலை. அங்கே படித்த டாக்ஸி டிரைவரின் பிள்ளை ஒருவர், 1992-ல் தமது பட்டக் காட்சிக்காகச் சில உடைகளைத் தயாரித்தார். இஸபெல்லா புளோ என்ற பத்திரிகைப் பெண்மணி அவற்றைப் பார்த்தார். அத்தனையையும் 5,000 பவுனுக்கு, தவணை முறையில், வாங்கிக்கொண்டார். அந்தப் பிள்ளைதான் பின்னால் உலகப் புகழ் பெற்ற அலெக்ஸாண்டர் மக்வீன்.

இந்தக் கதையைக் கேட்காத மாணவர் இல்லை. ஒவ்வொருவரும் தமக்கும் ஓர் இஸபெல்லா வருவாள் என்றுதான் காத்திருக்கிறார்கள். எல்லோருக்குமா வருகிறாள்?

ஹோபர்ன்

பிரிட்டிஷ் மியூஸியத்துக்குப் போகும் கிரேட் ரஸ்ஸல் தெருவில், கார்னலிஸன் என்ற வர்ணக்கடை இருக்கிறது. 1855-ல் ஆரம்பித்தது. கண்ணாடி ஜாடி ஜாடியாக வர்ணப் பொடிகள்! பார்க்கப் பார்க்கத் திகட்டாது. விலையைப் பார்த்தால் மட்டும் கொஞ்சம் மயக்கம் வரும்.

கிங்ஸ் கிராஸ்

கடைசி இறக்கம் இது. ரீஜண்ட்ஸ் கால்வாய்ப் பாலத்தைத் தாண்டினால், ஆயிரத்துக்கு மேற்பட்ட நீர்த்தாரைகள் தரையிலிருந்து பீச்சியடிக்கும் சதுக்கம். அதன் எதிரே கம்பீரமான செங்கல் கட்டடம். 1852-ல் லூயிஸ் க்யூபிட் என்ற சிற்பி, லிங்கன்ஷயர் கோதுமையைச் சேமித்து வைப்பதற்காகக் கட்டியது. 2011-ல் அங்கே குடியேறியது ஸென்ட்ரல் ஸெயின்ட் மார்ட்டின்ஸ் கலாசாலை. லண்டனுக்கு ரொட்டி கொடுத்த இடத்தில் இன்று கலை விளைகிறது!

உள்ளே ஒரு மாணவிக்குக் கிடைப்பது சுவரில் சில அடி இடம். மூன்று நான்கு வருஷப் படிப்பு, பெற்றோர் கட்டிய பணம், தூங்காத இரவுகள் எல்லாம் அந்தச் சில அடியில் நிற்க வேண்டும். வரைந்தவை நூற்றுக்கணக்கில் இருக்கும். மாட்டக் கூடியவை ஐந்தோ ஆறோ. ஆசையாக வரைந்ததைக் கழிப்பதுதான் இந்தப் பரீட்சையிலேயே கஷ்டமான கேள்வி. தனித்தனியாகப் பார்க்க அழகாக இருந்தாலும், பக்கத்தில் உள்ள படத்தோடு பேசாத படம் இறங்கத்தான் வேண்டும்.

இந்தக் கலை செத்துவிட்டது என்று சொன்னவர்கள் உண்டு. 1932-ல் வோக் பத்திரிகையின் அட்டையில் வர்ணப் புகைப்படம் முதன்முதலாக வந்தபோதே சித்திரக்காரர்கள் கவலைப்பட வேண்டியதாயிற்று. ஆனால் யுத்தத்துக்குப் பிறகு ரெனே க்ரூயோ என்பவர், சில கறுப்புக் கோடுகளும் ஒரு சிவப்புத் திட்டுமாக கிறிஸ்டியன் டியோர் நிறுவனத்துக்கு வரைந்த விளம்பரங்கள் உலகத்தையே மயக்கின. இன்றோ கம்ப்யூட்டர் யந்திரம் கேட்ட மாத்திரத்தில் படம் போட்டுக் கொடுக்கிறது. புகைப்படத்தைவிடப் பெரிய போட்டி இது.

அதற்கு இந்தப் பிள்ளைகள் வைத்திருக்கும் பதில் எது தெரியுமா? சித்திரத்தின் கீழே மேஜைமேல் கிடக்கும் நோட்டுப் புத்தகம். மையும் காப்பிக் கறையும் ஒட்டிய துணித் துண்டும் அதில் இருக்கும். தப்பாய்ப் போன தோள்பட்டை பத்துத் தடவை திருத்தப்பட்டிருக்கும். முடிந்த படத்தை யந்திரம் கொடுக்கலாம். இந்தப் பத்துத் திருத்தங்களை யார் கொடுப்பார்கள்?

ஆகவே, நேயர்களே, சுவரைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். புரட்டிப் பார்க்க அனுமதி உண்டா என்று கேட்டுக்கொண்டு அந்த நோட்டைத் திறந்து பாருங்கள். பக்கத்தில் ஒரு பெண் கையைப் பிசைந்துகொண்டு நின்றால், படத்தில் உங்களுக்குப் பிடித்தது எது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். நீங்கள் இஸபெல்லாவாக இருக்க வேண்டியதில்லை. அந்த ஒரு வார்த்தை போதும்.