சொன்ன சொல்லும் திருத்திய சொல்லும்

தேற்றாத்தீவு என்னும் எங்கள் ஊரின் பெயரிலேயே தேற்றா மரம் நிற்கின்றது. குடத்தின் உட்புறத்தில் அம்மரத்தின் கொட்டையைத் தேய்த்துவிட்டுக் கலங்கல் நீரை வார்த்து வைத்தால், சற்று நேரத்தில் சேறு அடியிற் படிந்து நீர் தெளியும். சேறு எங்கே போயிற்று என்று சிறுவயதில் நான் கேட்பதுண்டு. “எங்கயும் போகல்ல மனே, அடியிலதான் கிடக்கு, ஆட்டாம வார்” என்பார் அம்மம்மா.

அச்சொல்லின் பொருள் எனக்கு விளங்கியது, ஆசிரியனாகிப் பல ஆண்டுகள் சென்ற பின்னரே. வாணி விழாவுக்கென மாணவர் சேர்த்த பணம் ஒருநாள் காணாமற் போயிற்று. வகுப்பு முழுவதும் பார்த்திருக்க, ஒரு மாணவனை எழுப்பி நிறுத்திக் கடிந்துகொண்டேன். இரண்டு நாட்களின் பின் அப்பணம் எனது வரவு இடாப்பின் உறைக்குள்ளேயே அகப்பட்டது. வெட்கம் என்னைத் தின்றது. அவனைத் தனியே மரத்தடிக்கு அழைத்து, “பிழை என்மேல்தான், மறந்துவிடு” என்றேன். அவன் நிலத்தைப் பார்த்தபடியே கேட்டான்: “ஏசினது எல்லாருக்கும் முன்னால, சேர். இதை மட்டும் ஏன் தனியச் சொல்றீங்க?”

நம் நாட்டு அரசியல் மேடைகளை நோக்கியும் இக்கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கின்றது. உயர் பதவியிலிருக்கும் ஒருவரை இன்று வானளாவப் புகழ்ந்து நாளை இகழ்வதும், இகழ்ந்தவரையே மறுநாள் மாலையிட்டு வரவேற்பதும் தலைவர்களுக்குப் பழகிய காரியங்களாகிவிட்டன.

2011ஆம் ஆண்டு மே மாதம் கலாநிதி ஷிராணி பண்டாரநாயக்கவைப் பிரதம நீதியரசராக நியமித்தார் சனாதிபதி மகிந்த ராஜபக்ஷ. அப்பதவியை இந்நாட்டில் ஏற்ற முதற் பெண்மணி அவரே. ஏறத்தாழ இருபது மாதங்களில், 2013 சனவரி 11ஆந் தேதி, பாராளுமன்றம் 155 வாக்குகளால் குற்றப் பிரேரணையை நிறைவேற்ற, அவர் பதவி இழந்தார். 2015 சனவரியில் ஆட்சி மாறியது. அந்நீக்கம் செல்லாது என்றது புதிய அரசாங்கம். அம்மாதம் 28ஆந் தேதி பதவிக்கு மீண்ட அம்மையார் மறுநாளே ஓய்வு பெற்றார். புதிய சனாதிபதி மைத்திரிபால சிறிசேனவும் முந்திய அரசாங்கத்தில் அமைச்சராயிருந்தவரே. தவறு திருத்தப்பட்டது நன்று. ஆயினும், அன்று பிரேரணையை ஆதரித்த ஒவ்வொருவரும் அதே சபையில் எழுந்து, தாம் அன்று நம்பியது யாது, இன்று அறிந்தது யாது என்று சொல்லக் கடமைப்பட்டவரல்லரோ?

சரத் பொன்சேகாவின் கதையும் இத்தகையதே. 2009 மே மாதம் போர் முடிந்தபோது இராணுவத் தளபதியாயிருந்த அவரை அரசாங்கம் வீரரெனக் கொண்டாடியது. 2010 சனவரித் தேர்தலில் அவர் சனாதிபதியை எதிர்த்து நின்றார். பெப்ரவரி 8ஆந் தேதி கைது செய்யப்பட்டார். பின்னர் இராணுவ நீதிமன்றத் தீர்ப்பால் பட்டமும் பதக்கமும் இழந்து சிறை சென்றார். 2012 மே மாதம் விடுதலை பெற்றார். 2015 மார்ச் மாதத்தில் அவரே பீல்ட் மார்ஷல் ஆக்கப்பட்டார். மனிதர் ஒருவரே, அவரைப் பற்றிய சொற்கள் மட்டும் ஆட்சிக்கேற்ப மாறின.

பிறரைக் குறைகூறும்போது நம்மையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்நாடு சிங்களவருக்கே உரியது என்று தாம் உறுதியாக நம்புவதாக 2008இல் கனடாப் பத்திரிகை ஒன்றுக்குக் கூறியவர் அந்தத் தளபதி. 2010இல் அவருக்கே வாக்களிக்குமாறு தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு நம்மைக் கேட்டது. மட்டக்களப்பு மாவட்டத்தில் அவரே கூடுதலான வாக்குகளைப் பெற்றார். ஆட்சியை மாற்ற வேறு வழியில்லை என்பது அன்றைய நியாயம். அந்நியாயத்தை நான் பழிக்கவில்லை. நானும் அவ்வழியே வாக்களித்தேன். ஆனால், சில மாதங்களுக்கு முன்வரை அதே மனிதரைப் பற்றி வீட்டுத் திண்ணையில் நான் பேசியவற்றை என் பிள்ளைகள் கேட்டிருந்தனர். மனம் மாறிய காரணத்தை அவர்களுக்கு நான் விளக்கவில்லை. கேட்டபோது, “அது வேறு, இது வேறு” என்று பேச்சை முடித்துவிட்டேன். மரத்தடிப் பாடத்தை அன்று மறந்தேன்.

கருத்து மாறுவது இழுக்கன்று. புதிதாக ஒன்றை அறிந்தபின்னும் பழைய சொல்லையே பிடித்து நிற்பது பிடிவாதமேயன்றி நேர்மையன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரிலே, தளபதி கிராண்ட் தேர்ந்த வழி பிழையென்று சனாதிபதி லிங்கன் ஐயுற்றிருந்தார். 1863 சூலை 4ஆந் தேதி விக்ஸ்பர்க் நகர் வீழ்ந்தது. ஒன்பது நாட்களின் பின் லிங்கன் அத்தளபதிக்குக் கடிதம் எழுதி, தாம் எண்ணியது இன்னதென்று விவரித்து, நீரே சரி, நான் பிழை என்னும் கருத்துப்பட முடித்தார். தம் ஐயத்தை மேடையேறி முழங்காதவர் கடிதத்தில் திருத்திக்கொண்டது பொருத்தமே. மேடையில் முழங்கியவர்களோ மேடையிலேயே திருத்தவேண்டும்.

முன்பு இன்னது சொன்னேன், அதன்பின் இன்னது அறிந்தேன், ஆதலால் இன்று மாறினேன் என்று மூன்று வாக்கியம் சொல்லப் பெரும் புலமை வேண்டியதில்லை. அவற்றைச் சொல்லாதவிடத்து, பழிக்கப்பட்டவரின் பெயர்மேல் விழுந்த சேறு கழுவப்படாது. கேட்டிருந்த மக்களும், இவர் இன்று சொல்வதும் நாளைவரைதான் என்று எண்ணப் பழகுவர். மாணவராயுள்ள வாசகர்கள் இதனைச் சிறப்பாக எண்ணவேண்டும். நாளைய மேடைகள் அவர்களுடையவை.

அந்த மாணவனிடம் கேள்வி கேட்கப்பட்ட மறுநாட்காலை, இடாப்பைக் கூப்பிடுமுன், வகுப்பார் அனைவருக்கும் முன்னால் நடந்ததைச் சொன்னேன். பணம் இருந்த உறையையும் காட்டினேன். குரல் நடுங்கியது உண்மை. ஒருவரும் சிரிக்கவில்லை. அவன் எழுந்து, “சரி சேர்” என்று மட்டும் சொல்லி அமர்ந்தான். என் பிள்ளைகளுக்கு நான் சொல்லவேண்டியிருந்ததை, பிந்தியேனும், இந்தக் கட்டுரையை எழுதுமுன் சொல்லிவிட்டேன்.