இரண்டு சூரியோதயங்கள் கண்ட பிரயாணம்

காலியிலிருந்து மாத்தறைக்குச் செல்லும் புகையிரதத்தில் ஏறினால் சிறிது நேரத்தில் கொக்கல வந்துவிடும். ஒருபுறம் கடல், மறுபுறம், சற்று உள்ளே தள்ளி, சிறு தீவுகள் பல மிதப்பனபோற் கிடக்கும் விசாலமான ஏரி. இந்த நீர்ப்பரப்பு ஒருகாலத்தில் மிக நீண்டதோர் இடைநில்லா விமானப் பாதையின் முனையாயிருந்தது என்று நாம் கூறியபோது, உடன்வந்த மாணவர்கள் நம்பவில்லை. “ஓடுபாதை எங்கே, சேர்?” என்று கேட்டார்கள்.

ஓடுபாதை வேண்டாத நீர்விமானங்கள் அவை. யுத்தகாலத்தில் இங்கே விமானத்தளம் அமைந்தபோது கிராமத்தவர் தம் வீடுகளைவிட்டு வெளியேற நேர்ந்தது. சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த வீடு மட்டும் எவ்வாறோ தப்பிற்று. அதனை இன்றும் காணலாம்.

1942 பெப்ரவரியிற் சிங்கப்பூர் யப்பானியர் வசமாயிற்று. இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையிலிருந்த வான்வழி அறுந்தது. 1943 நடுப்பகுதியிற் குவாண்டாஸ் நிறுவனத்தார் ‘கட்டலீனா’ என்னும் நீர்விமானங்களைப் பேர்த் நகரின் சுவான் ஆற்றுக்கும் கொக்கல ஏரிக்கும் இடையே பறக்கவிட்டனர். தூரம் ஏறத்தாழ 5,650 கிலோமீற்றர். நேரமோ 27 மணியாகவும் இருக்கும், 30 மணியைத் தாண்டியும் போகும். ஒருமுறை 32 மணி 9 நிமிடம் சென்றது.

தூரம் மாறாதிருக்க நேரம் மட்டும் மாறுவானேன்? காற்றே காரணம். மாணவர்கள் தாளெடுத்துக் கணக்கிட்டுப் பார்க்கலாம். அவ்விமானத்தின் வேகம் மணிக்கு 200 கிலோமீற்றர் எனக் கொண்டால், பிரயாணம் 28 மணி 15 நிமிடம். 30 கிலோமீற்றர் வேகத்தில் எதிர்க்காற்று வீசினால் 33 மணிக்கு மேலாகிவிடும். மணிக்கு 850 கிலோமீற்றர் செல்லும் ஜெட் விமானத்திற்கோ, அதே காற்றினால் ஏற்படும் தாமதம் ஏறக்குறையக் கால்மணி நேரமே. நடுக்கடலில், எரிபொருள் குறையக் குறைய, அந்த ஐந்து மணி நேரம் எத்தகையது என்பதை எண்ணிப் பாருங்கள். இன்று அதே பேர்த் நகரிலிருந்து 14,500 கிலோமீற்றர் தொலைவிலுள்ள இலண்டனுக்கு, 2018 இல் தொடங்கிய நேர்ச்சேவையில், ஏறத்தாழ 17 மணியிற் போய்விடலாம். அதற்கே கால் கடுக்கிறதென்று முறையிடுவோர் உளர்!

எரிபொருளே பெருஞ்சுமையாயிருந்தமையால், மூன்று பிரயாணிகளுக்கும் சுமார் 69 கிலோகிராம் தபாலுக்கும் மட்டுமே இடமிருந்தது. ஆயுதமில்லை. பகைவர் அறியாதவாறு வானொலி மௌனம் காத்து, நட்சத்திரங்களைப் பார்த்தே வழிகண்டனர். ஐந்து விமானங்களுக்கும் நட்சத்திரப் பெயர்களே சூட்டப்பட்டன. ஸ்பைக்கா, அன்ராறெஸ், அல்ரேர் என அவர்கள் அழைத்தவற்றுள் நம் பாட்டிமார் பஞ்சாங்கத்திற் பார்க்கும் சித்திரை, கேட்டை, திருவோணம் என்பன அடங்கும். மற்றவை வேகா, றைஜெல்.

ஒருநாளுக்கு மேல் வானிலேயே இருந்தமையால் பிரயாணிகள் இருமுறை சூரியோதயம் கண்டனர். இறங்கியதும், ‘இரட்டைச் சூரியோதயத்தின் இரகசியச் சங்கம்’ என்ற பெயரில் ஒரு நற்சாட்சிப் பத்திரம் அவர்களுக்கு வழங்கப்பட்டது.

1945 இற் சேவை முடிவடையுமுன் 271 தடவைகள் கடல் கடக்கப்பட்டது. ஒரு விமானமேனும் வழியில் அழியவில்லை. யுத்தம் முடிந்தபின் அவை அவுஸ்திரேலியக் கரைக்கு அப்பாற் கொண்டுசெல்லப்பட்டு, கடலில் மூழ்கடிக்கப்பட்டன.