அல்லியைக் கேட்டது யார்?

சென்ற கோடையில், மந்தாரக்குப்பத்தில், அக்காள் வீட்டுத் திண்ணையில் ஒரு வழக்கு நடந்தது. வழக்காடியவள் அக்காளின் பேத்தி, வயது பதின்மூன்று. கூண்டில் நின்றவன் நான், அறுபதைத் தாண்டியவன், நாற்பது ஆண்டுக் காலம் மேடையேறிப் பகுத்தறிவு பேசியவன். வழக்கைக் கிளப்பியதோ ஒரு சித்திரக் கதைப் புத்தகம்.

“மங்கா படிக்கிறேன், சின்னத் தாத்தா” என்றாள். மாங்காய் என்று என் காதில் விழுந்தது. உப்பும் மிளகாய்த் தூளும் எங்கே என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் புத்தகத்தை நீட்டினாள். சித்திரக் கதைக்கு ஜப்பானியர் வைத்திருக்கும் பெயராம் அது. அவள் கையிலிருந்தது ‘சைலர் மூன்’ என்ற தொடரின் ஆங்கிலப் பதிப்பு. நவோகோ தகேயுச்சி என்னும் பெண்மணி, ‘நகயோஷி’ என்ற சிறுமியர் திங்களிதழில் 1991 இறுதியில் தொடங்கி 1997 வரை எழுதியும் வரைந்தும் வந்த கதை. அவர் மருந்தியல் பட்டம் பெற்றவர் என்பதைக் கேட்டதும் எனக்கு மதிப்புக் கூடிற்று. பன்னிரண்டு தொகுதிகளையும் வாங்கி, ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன்.

உசாகி என்றொரு பள்ளிச் சிறுமி. பதினான்கு வயது. தேர்வில் மதிப்பெண் வராது, தொட்டதற்கெல்லாம் அழுவாள், காலையில் எழுந்திருக்கவே மாட்டாள். அவளிடம் ஒரு கருநிறப் பூனை வந்து பேசுகிறது. ஓர் அணியைத் தருகிறது. அதைக் கொண்டு அவள் போர்மகளாக உருமாறுகிறாள். பிறகு தோழியர் சேர்கின்றனர். அவர்களுள் ஒருத்தி மருத்துவராக வேண்டுமென்று இரவு பகலாகப் படிப்பவள். பெண்கள் கூடிப் பகையை எதிர்க்கிறார்கள். ஆண்மகன் ஒருவனும் உடன் நிற்கிறான். ஆனால் களம் அவர்களுடையது.

நன்று என்றே படித்து வந்தேன். இடையில் ஒரு கட்டம் வந்தது, முகம் சுளித்தேன். உசாகி எளிய வீட்டுப் பெண் அல்லளாம்! முற்பிறவியில் நிலவுலகத்து இளவரசியாம்! அவள் விரும்பும் இளைஞன் அப்பிறவியில் மண்ணுலகத்து இளவரசனாம்! முப்பதாம் நூற்றாண்டில் அவள் அரசியாக வீற்றிருக்கப் போகிறாளாம்! அழுமூஞ்சிச் சிறுமி தன் முயற்சியால் உயர்ந்தாள் என்று மகிழ்ந்திருந்தவனுக்கு எப்படி இருக்கும்? பிறப்பால் வந்த பெருமை, முன்வினை, விட்டகுறை தொட்டகுறை — இந்தச் சரக்கை இங்கே கொட்டிவைத்தது போதாதென்று கடல் கடந்தும் கடைவிரித்திருக்கிறார்களே! பேசும் பூனையை மன்னித்துவிடுவேன். பிறப்பால் அரசி என்பதை எப்படி மன்னிப்பது? இப்படியெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து முழங்கினேன். பழக்கதோஷம்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். “பூனை பேசாதென்று எனக்கும் தெரியும், தாத்தா. முற்பிறவியும் இல்லை, சரி. ஆனால் அவள் ஒருவனை விரும்பிய பிறகும் அவளுடைய சக்தி போகவில்லை. போதும், வீட்டுக்குப் போ என்று யாரும் சொல்லவில்லை. உங்கள் காலத்துக் கதையில் அப்படி ஒருத்தியாவது உண்டா?”

“ஏன் இல்லை? அல்லி இருக்கிறாள்!” என்றேன். மார்தட்டித்தான் சொன்னேன்.

அல்லி அரசாணி மாலை. பெரிய எழுத்துப் புத்தகம். கண் மங்கிய கிழவரும், எழுத்துக் கூட்டிப் படிப்போரும் எளிதில் படிக்கவென்று மொத்த எழுத்தில், மலிவுத் தாளில், கட்டைப் படங்களோடு அச்சிட்டு, திருவிழாக் கடைகளில் விற்ற நூல். புகழேந்திப் புலவர் பெயரால் வழங்குகிறது. நளவெண்பா பாடியவரின் நடையன்று இது என்பார் ஆய்ந்தோர். அல்லி ஒருத்தியோடு கதை முடிவதில்லை. பவளக்கொடி மாலை என்றும், புலந்திரன் கதைகள் என்றும் தொடர்ந்து வரும். பவளக்கொடி நாடகமாகி, 1934-இல் படமும் ஆனாள். தியாகராச பாகவதர் திரைக்கு வந்தது அதிலேதான். எங்கள் தலைமுறைக்கு மங்கா என்று ஒன்று இருந்ததென்றால், அது இதுதான்.

எங்கள் தந்தை சுரங்கத் தொழிலாளி. 1957-இல் நெய்வேலியில் மண்ணை அகழத் தொடங்கினார்கள். 1961-இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. மறு ஆண்டே அனல்மின் நிலையம் மின்சாரம் தந்தது. ஊருக்கெல்லாம் ஒளி தந்த இடத்தின் ஓரத்தில், கூரை வீட்டில், நாங்கள் சிம்னி விளக்கில் படித்தோம். அக்காள் படிப்பாள், நான் கேட்பேன். எனக்கு ஏழோ எட்டோ வயது; அவளுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று இருக்கும்.

அல்லி மலரில் கிடைத்த குழந்தை. பாண்டியன் வளர்த்த மகள். ஆட்சியைப் பறித்த நீன்முகனை வீழ்த்தி மதுரையை மீட்டவள். ஆண்வாடையே இல்லாமல், பெண்படை வைத்து ஆண்டவள். ஜப்பானில் தெசுகா ஒசாமு 1953-இல் வரையத் தொடங்கிய கதையொன்றில், சஃபையர் என்னும் இளவரசி ஆண்மகனாக நடிக்க நேர்கிறது. மகனுக்கே அரியணை என்பது அந்நாட்டு விதி. நம் அல்லிக்கு அந்த வேடம் தேவைப்படவில்லை. பெண்ணாகவே பிறந்து பெண்ணாகவே அரசு வீற்றிருந்தாள். இதை அக்காள் படிக்கும்போது அவள் குரலே மாறிவிடும், முதுகு நிமிரும்.

ஆனால் ஒவ்வொரு முறையும் ஓர் இடத்தில் புத்தகத்தை மூடிவிடுவாள். “எண்ணெய் தீர்ந்துவிட்டது, தூங்குடா” என்பாள். எனக்கோ அதற்கு அடுத்த கட்டம்தான் வேண்டும். அங்கேதான் பாம்பு வரும்! அடம் பிடிப்பேன், அழுவேன், கடைசியில் நானே எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டேன்.

பேத்தியிடம் சவால் விட்டேனல்லவா? அன்றிரவு பரணிலிருந்த தகரப் பெட்டியை இறக்கினேன். அட்டை போயிருந்தது, கரையான் ஓரங்களைத் தின்றிருந்தது, கதை இருந்தது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு முழுவதையும் படித்தேன்.

அருச்சுனன் அல்லியின்மேல் ஆசை கொள்கிறான். அவளோ ஆணை அண்டவிடாதவள். தவசி வேடம் பலிக்கவில்லை. கண்ணன் துணைக்கு வருகிறான். கண்ணன் பாம்பாட்டி ஆகிறான், அருச்சுனன் பாம்பாகிறான். பாம்பு அல்லியின் பள்ளியறையை அடைகிறது, இரவில் ஆணாகிறது, உறங்குகிறவள் கழுத்தில் தாலி ஏறிவிடுகிறது. விழித்த அல்லி சீறுகிறாள், படை திரட்டுகிறாள், போர் மூள்கிறது. முடிவில் அவள் அருச்சுனன் மனைவி, புலந்திரனுக்குத் தாய். மங்களம்!

எட்டு வயதில் கைகொட்டிச் சிரித்த கட்டம் இது. விளக்கை அணைக்கத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். மாயம் முழுவதும் யார் பக்கம் இருக்கிறது, பாருங்கள்! மலரில் பிறந்தாள் என்பதோடு அல்லிக்குரிய மாயம் தீர்ந்தது. பிறகு அவளுக்கிருந்ததெல்லாம் வாளும் அறிவும்தான். உருமாறும் ஆற்றல் வந்தவனுக்கு. அவனுக்குத் துணை கடவுள். எதிர்த்து நின்று வெல்ல முடியாதவளை உறக்கத்தில் வென்றார்கள். அதற்குத் திருமணம் என்று பெயர் வைத்தார்கள். பெண் குரல் சற்று ஓங்கிய வீட்டை ‘அல்லி ராச்சியம்’ என்று இன்றும் எள்ளி நகையாடுகிறோமே, நீன்முகனை வென்றவளுக்கு மொழி எடுத்துவைத்த நினைவுச் சின்னம் அந்த ஏளனம் ஒன்றுதான்!

வியாசரின் பாரதத்தில் அல்லி இல்லை. சித்திராங்கதை என்ற அரசகுமாரி இருக்கிறாள். அருச்சுனன் அங்கே முறையாகப் பெண் கேட்கிறான். யாரிடம்? அவள் தந்தையிடம். பிறக்கும் பிள்ளை தனக்கே வாரிசாக வேண்டுமென்று தந்தை பேரம் பேசுகிறான், பேரம் முடிகிறது, திருமணம் நடக்கிறது. இவளையும் கேட்டாரில்லை.

இதையெல்லாம் ஏன் இத்தனை நாள் காணவில்லை? தோழர்களே, வெட்கத்தோடு சொல்கிறேன்: அல்லி கதையை நான் மேடையில் எத்தனையோ முறை எடுத்திருக்கிறேன். “பாம்பு ஆணாகுமா? அறிவுக்குப் பொருந்துமா?” என்று கேட்பேன், கைதட்டல் கூரையைப் பிளக்கும். ஆகாது என்பது தட்டியவர்களுக்கும் தெரியும். கதை கட்டியவனுக்கும் தெரியும். பாம்பு ஆணாகாது என்று மெய்ப்பித்துவிட்டு இறங்கிவிட்டேன். ஆணாகிப் பள்ளியறையில் அவன் செய்தது என்ன என்று ஒரு நாளும் கேட்டேனில்லை. அற்புதத்தை உடைத்தேன், அநீதியைத் தாண்டிப் போனேன்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். 1974-இல் அக்காளுக்குத் திருமணம். வயது பதினேழு, பதினோராம் வகுப்புத் தேர்வுக்கு மூன்று திங்கள் இருந்தன. அன்றைய சட்டத்தில் அது குற்றமன்று. 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் பெண்ணுக்குப் பதினைந்து வயது போதுமென்றது. பதினெட்டு என்றானது 1978-இல்தான். பதினெட்டு நிரம்பாத பெண்ணாயின், யாருடைய இசைவு வேண்டுமென்று அச்சட்டம் வகுத்தது தெரியுமா? பாதுகாவலரின் இசைவு! சித்திராங்கதையின் தந்தை சட்டப் புத்தகத்திலும் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையிடம் “பெண் பிடித்திருக்கிறதா?” என்று கேட்டார்கள், என் காதால் கேட்டேன். அக்காளிடம் யாரும் கேட்டதாக நினைவில்லை. மாமா நல்லவர், கடைசிவரை அவளை நன்றாகவே வைத்திருந்தார். அது வேறு.

அதற்கு ஏழாண்டுகளுக்கு முன்பே, 1967-இல், அண்ணாவின் ஆட்சி சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டம் நிறைவேற்றிவிட்டது. மணமக்கள் தமக்கு விளங்கும் மொழியில், இவரை ஏற்கிறேன் என்று தம் வாயால் சொல்லி மணக்கலாம் என்பது அதில் ஒரு வழி. புரோகிதர் இல்லை, தீ இல்லை என்பதையே நாம் பெரிதாகப் பேசினோம். அவள் வாய் திறந்து சொல்லலாம் என்பதல்லவா அதன் உயிர்? உறங்குகிறவள் எப்படிச் சொல்வாள்?

மறுநாள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போனேன். பேத்தி காத்திருந்தாள். “தோற்றுவிட்டேன்” என்றேன். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, “அவளை யாருமே கேட்கவில்லையா, தாத்தா?” என்றாள். உசாகியின் முற்பிறவியைப் பற்றி நான் பேசியதைத் திரும்பப் பெறவில்லை. அதை அவளும் கேட்கவில்லை.

அக்காள் வாசற்படியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். புத்தகத்தை வாங்கிப் புரட்டினாள். கண்ணாடி தேவைப்படவில்லை, பெரிய எழுத்தல்லவா? பாம்பாட்டி படம் வந்த ஏட்டில் விரல் நின்றது.

“இந்த இடத்தில்தானே அக்கா எப்போதும் மூடிவிடுவாய்? எண்ணெய் தீர்ந்துவிட்டதென்று?”

அவள் சிறிது நேரம் படத்தையே பார்த்தாள்.

“எண்ணெய் இருந்ததுடா” என்றாள்.