போல்ட்டுக்குக் கீழே எவ்வளவு?

பல்லடத்திலிருந்து உடுமலை போகும் சாலையை விட்டு உள்ளே திரும்பினால், காற்றாலைகளுக்கு நடுவே இருக்கிறது அந்த இடம். பெரியம்மா மகன் நூல் குடோனுக்காக 60 அடிக்கு 100 அடியில் ஸ்டீல் ஷெட் போடுகிறார். நான் போனபோது ஷெட் என்று எதுவும் இல்லை. வரிசையாகக் கான்கிரீட் பெடஸ்டல்கள், ஒவ்வொன்றின் தலையிலும் நான்கு ஆங்கர் போல்ட். மரைகளில் கிரீஸ் தடவிச் சாக்கு சுற்றியிருந்தார்கள்.

"தகரம் இன்னும் ஒண்ணுகூட வரலை தம்பி. பாங்கில வாங்குன மொதத் தவணை முடிஞ்சுபோச்சு" என்றார் அண்ணன்.

எங்கே போனது என்று காலடியிலேயே தெரிந்தது. இடம் ரோட்டைவிடத் தாழ்வு. 6,000 சதுர அடியை 2 அடி உயர்த்த 12,000 கன அடி கிராவல், அதாவது 120 யூனிட். மூன்று யூனிட் டிப்பரில் 40 நடை. ரோலர் ஓட்டினால் மண் அமுங்கும். ஓரச் சரிவும் கொஞ்சம் தின்னும். ஆகவே நடை அதற்கு மேலும் கூடும். அடியில் இருப்பது கரிசல் வேறு. மழையில் ஊதி, கோடையில் வெடிக்கிற அந்த மண்ணைத் தாண்டிக் கெட்டித்தரை வரும்வரை குழி தோண்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு அடி ஆழத்துக்கும் ஜே.சி.பி. வாடகையும் கம்பியும் சிமெண்டும் ஏறின. தரைக்கு இனிமேல்தான் கான்கிரீட். 6 அங்குலக் கனம் என்றால் 85 கன மீட்டர். 6 கன மீட்டர் ஏற்றும் மிக்சர் லாரியில் பதினான்கு, பதினைந்து லோடு.

இதில் ஒன்றுகூட ஷெட் கம்பெனி கொடுத்த கொட்டேஷனில் கிடையாது. கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது: சிவில் வேலை, அன்லோடிங், கிரேன், கரண்ட், தண்ணீர், ஆட்கள் தங்க இடம், எல்லாம் ஓனர் பொறுப்பு. ஜி.எஸ்.டி. தனி. சதுர அடி ரேட்டை மட்டும் கேட்டு பட்ஜெட் போடுவது, மண்டப வாடகையை வைத்துக் கல்யாணச் செலவைக் கணக்கிடுவது மாதிரி.

வேப்பமர நிழலில், வெவ்வேறு கம்பெனிகள் கொடுத்த மூன்று கொட்டேஷன்களையும் விரித்தோம். ஒன்றில் மொத்த இரும்பு 16 டன், இன்னொன்றில் 19. அதே அளவு, அதே உயரம். "இவன் இரும்பை ஏத்திக் காட்டுறான்" என்றே அண்ணன் நினைத்திருந்தார். டிசைன் பக்கத்தைப் புரட்டினால் காரணம் கிடைத்தது. ஒருவர் கூரைச் சுமையை அமெரிக்க முறைப்படி சதுர மீட்டருக்குச் சுமார் 58 கிலோ என்று எடுத்திருந்தார். மற்றவர் எடுத்தது நம் ஐ.எஸ். 875 சொல்கிற சுமார் 76 கிலோ. இரண்டுமே நடைமுறையில் உள்ளவைதான், ஏமாற்று இல்லை. ஆனால் இரண்டும் ஒரே பொருள் இல்லை. நாளைக்குக் கூரையில் சோலார் போட்டால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 15 கிலோ கூடும். அதை இப்போதே டிசைனரிடம் சொல்லிவிட வேண்டும்.

காற்றும் விலையில் சேர்கிறது. கோவை வட்டாரத்துக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர், சென்னைக்கு 50. அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் சென்னையில் அது ஒன்றரை மடங்குக்கும் மேல். சென்னையில் ஷெட் போட்ட நண்பரின் ரேட்டைப் பல்லடத்துக்குக் கொண்டுவந்து பேரம் பேசுவதில் அர்த்தமில்லை.

கொட்டேஷன் செல்லும் காலத்தையும் பார்த்தோம். சில நாள்தான். 19 டன்னுக்குக் கிலோவில் 5 ரூபாய் ஏறினால் 95,000 ரூபாய். அட்வான்ஸ் கொடுத்த அன்றே ரேட் நிற்குமா, சரக்கு கிளம்பும் அன்றைய ரேட்டா? இதை எழுதி வாங்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

சாம்பிள் தகடு ஒன்று பைக்குள் இருந்தது. 0.50 மி.மீ. என்று பேப்பரில். "பூச்சோட சேர்த்தா, வெறும் தகடா?" என்று கேட்டதும் ஷெட் கம்பெனி சூப்பர்வைசர் சிரித்தார். பூச்சோடுதானாம். மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். உள்ளே இருக்கும் இரும்பு அதைவிட மெலிசு. அலுமினியம்-துத்தநாகப் பூச்சு சதுர மீட்டருக்கு 150 கிராமா என்றும் கேட்டு எழுதிக்கொண்டோம்.

மேற்கு ஓரத்தில் காலி நிலம் இருக்கிறது. பிற்பாடு ஷெட்டை அந்தப் பக்கம் நீட்டலாம் என்று அண்ணனுக்கு ஆசை. அப்படியானால் கடைசிச் சுவரில் லேசான தூண்கள் போதாது; நடுவில் வருகிற மாதிரி முழு ஃபிரேமே நிற்க வேண்டும். இப்போது கொஞ்சம் இரும்பு கூடும்தான். ஆனால் நிற்கிற ஷெட்டைப் பிரித்து மறுபடி மாட்டுகிற கூலியை யோசித்தால் இது மலிவு. நானாக இருந்தால் சுற்றுச்சுவரில் 10 அடி வரை ஹாலோ பிளாக் வைத்து, மேலே மட்டும் ஷீட் அடித்து, மிச்சத்தில் இந்த ஃபிரேமை வாங்குவேன்.

கேட்டுக்கு நேர் மேலே ஈ.பி. லைன். ஹைட்ரா கிரேன் பூமைத் தூக்கினால் இடிக்கும். கம்பத்தை மாற்றும் செலவையும் அண்ணனின் கணக்கு நோட்டில் ஏற்றினோம். பஞ்சாயத்து, டி.டி.சி.பி. கட்டணங்கள் ஏற்கெனவே அதில் இருந்தன.

பெரிய அடி ஆடிட்டரிடமிருந்து போனில் வந்தது. 18 சதவீத ஜி.எஸ்.டி.யை அண்ணன் திரும்ப வரும் பணமாக வைத்திருந்தார். சொந்த உபயோகத்துக்குக் கட்டும் கட்டடத்துக்கு அந்த வரியைக் கழித்துக்கொள்ள ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவு விடாது. அண்ணன் போனை வைத்துவிட்டு நோட்டில் ஒரு வரியை அடித்து, கூட்டலை மறுபடி போட்டார்.

பணம் கொடுக்கும் தவணைக்கு வந்தோம். கடைசித் தொகையை ஐப்பசி மழை பார்த்த பிறகே தருவேன் என்றார் அண்ணன். ஷெட் ஒழுகுகிறதா என்று தெரிய வேண்டுமே.

"இந்த ஊர்ல மழையே பேயலீன்னா என்னங்கண்ணா பண்றது?" என்றார் சூப்பர்வைசர்.

"டேங்கர் லாரி வெச்சு மேல அடிச்சுப் பார்ப்பேன். அந்த வாடகையும் நோட்டுல இருக்குது."