வெடிப்பு

பாலராமபுரத்துக்கும் திருவனந்தபுரம் நகருக்கும் இடையே, பழைய நெடுஞ்சாலையின் ஓரத்தில், நாமக்கல் பதிவெண் கொண்ட டிரெய்லர் ஒன்று சித்திரை வெயிலில் நின்றுகொண்டிருந்தது. கடைசி அச்சின் இடப்பக்கம், வெளிச்சக்கரத்தின் டயர் வெடித்திருந்தது. ஓட்டுநர்கள் ‘பட்டன்’ என்று சொல்லும் மேற்பட்டை உரிந்து, வண்டிக்கு வெகு பின்னால் தார்ச்சாலையில் கறுத்த நாடாவாகக் கிடந்தது.

“நல்லாத்தானுங்க வந்துட்டிருந்துச்சு. திடீர்னு வெடிச்சிருச்சு” என்றார் ஓட்டுநர்.

பக்கத்து வல்கனைசிங் கடையிலிருந்து வந்த முதியவர் வெடித்த டயரைப் பார்க்கவில்லை. குனிந்து, அதனை ஒட்டியிருந்த உள்சக்கரத்தின் டயர்மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்த வேகத்தில் கையை எடுத்துக்கொண்டார். அந்த டயர் கிழியவில்லை. பார்வைக்கு முழுதாகவே இருந்தது. ஆனால் அதில் காற்று பாதிகூட இல்லை.

இரட்டைச் சக்கரங்களின் சிக்கல் இதுதான். உள் டயரில் காற்று குறைந்தால் அதன் சுமை வெளி டயருக்கு மாறுகிறது. முன்னே அமர்ந்து ஓட்டுபவருக்கு, பின்னால் இழுபட்டு வரும் டிரெய்லரின் ஒரு சக்கரம் தளர்ந்தது தெரிவதில்லை. வெளி டயர் இரண்டின் சுமையைத் தாங்கிச் சூடேறுகிறது. உள் டயரோ ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்ந்து சூடேறுகிறது. அந்த வெப்பம் ரப்பருக்கும் அதனுள் இருக்கும் எஃகு இழைகளுக்கும் இடையிலான பிணைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துகிறது. கடைசியில் கேட்கும் ஓசை மட்டுமே திடீரென்று வருவது.

களியக்காவிளையில் தேநீருக்கு நிறுத்தியபோது ஓட்டுநர் எல்லா டயர்களையும் இரும்புக் கம்பியால் தட்டிப் பார்த்திருந்தார். எதிலும் ‘தொப்’பென்ற ஓசை எழவில்லை. முற்றாகக் காற்றிழந்த டயரைக் கம்பி காட்டிக்கொடுக்கும்; ஐந்தில் ஒரு பங்கு காற்றை இழந்ததை அழுத்தமானியால் மட்டுமே அறிய முடியும். அந்த ஒரு பங்கு போதும், அழிவு தொடங்குவதற்கு.

தமிழில் ‘வெடிப்பு’ என்ற சொல் இங்கே எண்ணிப்பார்க்கத் தக்கது. பட்டாசு வெடிக்கிறது. நீரற்ற வயலும் வெடிக்கிறது. குதிகாலில் வெடிப்பு விழுகிறது. பருத்திக்காய் வெடிக்கிறது. நொடியில் நிகழும் தகர்வையும், நாட்கணக்கில் ஊறி வரும் பிளவையும் ஒரே வினை சுமக்கிறது. ஓட்டுநர் முதற்பொருளில் சொன்ன சொல்லுக்கு, முதியவரின் கை இரண்டாம் பொருளைக் கண்டறிந்தது. மலையாளத்திலோ டயர் ‘பொட்டி’ என்பதே வழக்கு. ‘வெடிப்பு’ என்றால் அங்கே தூய்மை, ஒழுங்கு. எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் பழகிய அந்த முதியவர் இரண்டையும் அறிந்தவர். “நல்ல வெடிப்புதான், அண்ணாச்சி” என்று சொல்லிச் சிரித்தார். கொங்கு நாட்டுக்காரரை யாரும் ஊரில் அண்ணாச்சி என்று விளிப்பதில்லை. ஆயினும் ஓட்டுநர் அதைத் திருத்தவில்லை.

சிக்கல் அதற்குப் பிறகு தொடங்கியது. வண்டியில் இருந்தது ஒரே ஸ்டெப்னி. (1904ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டின் லானெல்லி நகரில், ஸ்டெப்னி தெருவில் உருவான மாற்றுச் சக்கரத்தின் பெயர் அது, இன்றும் இந்தியச் சாலைகளில் வாழ்கிறது.) வெடித்த டயருக்குப் பதிலாக ஸ்டெப்னியை மாட்டிவிடலாம். உள் டயருக்குக் காற்றடித்தால் போதும் என்றார் ஓட்டுநர். அலைபேசியில் உரிமையாளரும் அதையே சொன்னார். சரக்கை அன்றிரவே இறக்கியாக வேண்டும், தாமதமானால் பிடித்தம். புதிய டயர் வாங்கினால் அந்தச் செலவு யார் தலையில் விழும் என்பது ஓட்டுநருக்குத் தெரியும்.

“இதில் காற்றடிக்கில்ல, அண்ணாச்சி.”

முதியவர் மறுத்ததற்குக் காரணம் உண்டு. லாரி டயரில் அடைக்கும் காற்றின் அழுத்தம் கார் டயரினதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். காற்றிழந்த நிலையில் ஓடிய டயரின் பக்கச்சுவரில் எஃகு இழைகள் உள்ளுக்குள் ஒடிந்திருக்கும். மீண்டும் காற்றேற்றும்போது, எஞ்சியவை ஒன்றன்பின் ஒன்றாக அறுந்து, பல்லிணைப்பைத் திறந்தாற்போலப் பக்கச்சுவர் பிளக்கும். அப்போது பிளவுக்கு எதிரே நிற்பவர் காற்றடிக்கும் தொழிலாளி. குறித்த அழுத்தத்தில் 80 விழுக்காட்டுக்குக் கீழே ஓடிய டயரைக் கழற்றி உட்புறத்தைச் சோதிக்காமல் காற்றடிக்கக் கூடாது என்பதும், இரும்புக் கூண்டுக்குள் வைத்து, நீண்ட குழாயால், விலகி நின்றே அடிக்க வேண்டும் என்பதும் இத்தொழிலின் பாதுகாப்பு விதிகள். சாலையோரக் கடைகள் பலவற்றில் கூண்டு இருப்பதில்லை.

முதியவரின் இடக்காது கேட்பதில்லை. இளமையில் பணியாற்றிய கடையில், பழைய வகை ரிம் ஒன்றின் லாக் ரிங் காற்றேற்றும்போது தெறித்தது. வளையம் அவர்மேல் படவில்லை. ஓசை மட்டும் பட்டது. இதை அவர் விவரித்துச் சொல்லவில்லை. வலக்காதைத் திருப்பி, “ஈ செவி கேட்கில்ல” என்று இடப்பக்கத்தைத் தொட்டுக் காட்டியதோடு நிறுத்திக்கொண்டார்.

அடுத்த கடையில் காற்றடித்துத் தரக்கூடும். ஓட்டுநர் அந்தத் திசையை ஒருமுறை பார்த்தார். முதியவர் தடுக்கவில்லை. உதவியாளனை அழைத்து டயரைக் கழற்றச் செய்தார். உட்புற மேற்பரப்பு சுருங்கி மடிப்பு விழுந்திருந்தது. டயரைச் சாய்த்து, உள்ளிருந்ததை ஓட்டுநரின் கையில் கொட்டினார். அரைத்த கரியைப் போன்ற பொடி. தன்னைத்தானே அரைத்துக்கொண்ட ரப்பர்.

1839இல் சார்லஸ் குட்இயர் ரப்பரையும் கந்தகத்தையும் சேர்த்துச் சூடேற்றியபோது, கோடையில் ஒட்டிக் குளிரில் விறைக்கும் பொருள் உறுதி பெற்றது. ரோமானியரின் தீக்கடவுளான வல்கனின் பெயரால் அந்த முறை வல்கனைசிங் எனப்பட்டது. இன்று தமிழகத்திலும் கேரளத்திலும் எண்ணற்ற கடைப்பலகைகள் அப்பெயரைத் தாங்குகின்றன. எந்த வெப்பம் ரப்பரை ஆக்கியதோ அதுவே அளவு மீறும்போது அதனைக் குலைக்கிறது.

இந்நகரம் பொறுமையின் ஒரு பேருதாரணத்தையும் கண்டிருக்கிறது. விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்துக்கான ஏறத்தாழ 70 டன் எடையுள்ள ஆட்டோகிளேவ் ஒன்று, 2019 ஜூலையில் மகாராஷ்டிரத்திலிருந்து 74 சக்கர வாகனத்தில் புறப்பட்டு, 2020 ஜூலையில் திருவனந்தபுரம் வந்து சேர்ந்தது. ஏறத்தாழ 1,700 கிலோமீட்டரை ஓராண்டில் கடந்த அந்தப் பயணத்தில், சரக்கின் எடையை மட்டும் பகுத்தால் ஒரு சக்கரத்துக்கு ஒரு டன்கூட இல்லை. உடன் முப்பதுக்கும் மேற்பட்ட பணியாளர்கள் இருந்தனர். தேசத்தின் விண்வெளித் திட்டத்துக்குக் கிடைத்த அந்தக் கவனமும் காலமும் நாமக்கல் ஓட்டுநருக்குக் கிடைப்பதில்லை. அவருடைய டிரெய்லருக்குத் துணையாக வருவது அலைபேசிக் குரல் ஒன்றே.

ஓடாமல் நிற்கும் வண்டிகளுக்கும் இது பொருந்தும். 2021இல் கேரள அரசு கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. பருவத்துக்குப் பருவம் மட்டுமே ஓடும் அத்தகைய வண்டிகளின் டயர்கள் பட்டன் தேயும் முன்னரே மூப்படைகின்றன. பக்கச்சுவரில் அச்சிட்ட குறியீட்டின் இறுதி நான்கு இலக்கங்கள் டயர் பிறந்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும்: 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். அதைப் படிப்பவர் சிலரே.

ஓட்டுநர் அடுத்த கடைக்குப் போகவில்லை. அலைபேசியை எடுத்து உரிமையாளரிடம் பேசினார். குரல் முதலில் தாழ்ந்திருந்தது, பிறகு உயர்ந்தது. “ஏனுங்க, காத்தடிக்கிற பையன் செத்துப்போனா நீங்க வருவீங்களா?” என்று கேட்டுவிட்டு நெடுநேரம் மறுமுனையைக் கேட்டுக்கொண்டிருந்தார். புதிய டயர் நகரத்திலிருந்து இரவில் வந்தது. பாதி விலை அவர் சம்பளத்தில் பிடிக்கப்படும் என்று முடிவாயிற்று.

அன்றிரவு வண்டி அங்கேயே நின்றது. சூடான டயரின் அளவு மிகையாகக் காட்டும் என்று முதியவர் சொன்னதால், ஓட்டுநர் விடியும்வரை காத்திருந்தார். பிறகு அழுத்தமானியை இரவல் வாங்கி, ஒவ்வொரு டயராக, உள்சக்கரங்கள் உட்பட, தாமே அளந்தார். இன்னும் இரண்டில் காற்று குறைவாக இருந்தது. அவற்றையும் கழற்றச் சொன்னார். கறுத்த பொடியைச் செய்தித்தாளில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், உரிமையாளரிடம் காட்டுவதற்கு.