பத்துச் சக்கரம், பதினாறு சக்கரம்: சேலம்–கொச்சி சாலையில் வண்டி பார்த்தல்

சேலம் கொண்டலாம்பட்டியில் தொடங்கிக் கொச்சி இடப்பள்ளியில் முடியும் 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் நீளம் ஏறத்தாழ 340 கிலோமீட்டர். இதன் பழைய எண் 47. அந்தப் பழைய சாலை இடப்பள்ளியோடு நிற்காமல் கன்னியாகுமரி வரை போனது. 2010இல் நாடு முழுவதும் எண்கள் மாற்றப்பட்டபோது, ஸ்ரீநகர்–கன்னியாகுமரி சாலைக்கு 44 என்ற எண் கிடைத்தது. அதன் கிளை என்பதால் இதற்கு 544. நெடுநாள் வண்டி ஓட்டியவர்கள் வாயில் இன்னும் நாற்பத்தேழுதான்.

கனரக வண்டிகளையும் எந்திரங்களையும் பார்த்து இனம் காண்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்களுக்குத் தென்னிந்தியாவில் இதற்கு ஈடான சாலைகள் சிலவே. ஒரு முனையில் லாரிக்குப் பாடி கட்டும் ஊர்கள், மறுமுனையில் துறைமுகம், நடுவில் ஆலைகளும் கல்குவாரிகளும். எல்லாவற்றையும்விட முக்கியம், மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் ஒரே பெரிய திறப்பான பாலக்காட்டுக் கணவாய். கொங்கு நாட்டிலிருந்து மத்திய கேரளத்துக்குப் போகும் பெரிய வண்டிக்கு வசதியான வழி வேறில்லை. அந்தக் கணவாயின் கிழக்கு வாசலில் இருக்கிறது மதுக்கரை.

பிரிட்டனில் இந்தப் பழக்கத்துக்கு நீண்ட மரபு உண்டு. ரயில் எஞ்சின் எண்களைக் குறித்துக்கொண்டு நிலையங்களில் நின்றவர்களின் வாரிசுகள் பிறகு லாரிகளுக்கு மாறினார்கள். அங்கே எடி ஸ்டோபார்ட் என்னும் சரக்கு நிறுவனம் ஒவ்வொரு லாரிக்கும் ஒரு பெண் பெயரை முகப்பில் எழுதி வைத்தது. முதல் வண்டியின் பெயர் ட்விக்கி. அந்தப் பெயர்களைச் சாலையோரத்தில் நின்று சேகரிக்க ரசிகர் மன்றமே உருவானது. தமிழ்நாட்டில் இதற்குத் தனிப் பெயர் கிடையாது. வண்டி பார்ப்பது என்றால் போதும். ஆனால் சத்தத்தை வைத்தே லேலண்டா டாடாவா என்று சொல்லும் பையன்கள் கொங்கு நாட்டு ஊர்களில் எப்போதும் இருந்திருக்கிறார்கள்.

கொண்டலாம்பட்டியில் தொப்பூர் மலைப்பாதை இறங்கி வந்த வடநாட்டு லாரிகள் இரண்டாகப் பிரிகின்றன. ஒரு பகுதி நாமக்கல், கரூர் வழியாகத் தெற்கே போகிறது. மற்றது மேற்கே 544இல் திரும்புகிறது. பார்வையாளர் முதல் பாடத்தைக் கற்க இது நல்ல இடம். லாரியின் முகப்பிலோ கதவிலோ இருக்கும் நான்கு இலக்க எண்தான் அந்தப் பாடம். முதல் இரண்டு இலக்கம் சுமையோடு சேர்த்த மொத்த எடையை டன்னில் சொல்கிறது. பின்னிரண்டைப் பத்தால் பெருக்கினால் எஞ்சினின் குதிரைத்திறன் வரும். டாடா 1612 என்றால் சுமார் 16 டன், 120 குதிரைத்திறன். 2518 என்றால் 25 டன், 180.

இந்த எண்ணை வைத்து வண்டியின் வயதையும் ஓரளவு கணிக்கலாம். 2018 ஜூலையில் மத்திய அரசு ஆக்சில் எடை வரம்பை உயர்த்தியது. நான்கு டயர் கொண்ட ஒற்றைப் பின் ஆக்சிலுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 ஆனது, டிரெய்லர்களின் உச்ச வரம்பு 49 டன்னிலிருந்து 55க்குப் போனது. உடனே பெயர்களும் மாறின. பாரத்பென்ஸ் 2523 அடுத்த தலைமுறையில் 2823 ஆயிற்று. எனவே 25, 31, 49 என்று தொடங்கும் எண் தெரிந்தால் பெரும்பாலும் பழைய வண்டி; 28, 35, 55 என்றால் புதியது.

ஓட்டுநர்களும் புரோக்கர்களும் இந்த எண்ணைச் சொல்வதில்லை. அவர்கள் கணக்கு சக்கரத்தில்: ஆறு சக்கரம், பத்துச் சக்கரம், பன்னிரண்டு, பதினான்கு, பதினாறு. பதினான்கு சக்கர லாரி காலியாகத் திரும்பும்போது ஒரு ஆக்சில் தரையைத் தொடாமல் தூக்கி நிற்பதைக் காணலாம். டயர் தேயாமல் இருக்கவும் டீசல் மிச்சமாகவும் செய்த ஏற்பாடு அது. தொலைவிலிருந்தே லோடா, எம்ப்டியா என்று சொல்ல இதைவிட எளிய அடையாளம் இல்லை.

சங்ககிரி வந்தால் பேச்சே லாரிதான். தீரன் சின்னமலை 1805இல் தூக்கிலிடப்பட்ட கோட்டை மலையின் அடிவாரத்தில் இன்று லாரிப் பட்டறைகள் நிற்கின்றன. இந்தியா சிமென்ட்ஸ் தன் இரண்டாவது ஆலையை 1963இல் இங்கே தொடங்கியது. இங்கிருந்து தெற்கே திருச்செங்கோடு. அதையும் தாண்டி நாமக்கல். இரண்டும் 544இல் இல்லை, ஆனால் இந்தச் சாலையில் ஓடும் வண்டிகளில் பெரும்பங்கு அவற்றின் பிள்ளைகள். பதிவு எண்ணில் டிஎன் 28 நாமக்கல், 34 திருச்செங்கோடு, 52 சங்ககிரி. இந்த மூன்று எண்களை அசாமிலும் குஜராத்திலும்கூடச் சாலையில் பார்க்கலாம்.

இந்தப் பகுதியின் அரிய காட்சி, பாடி கட்டாத சேஸிஸ். தொழிற்சாலையிலிருந்து வெறும் சட்டமும் எஞ்சினும் முகப்புக் கண்ணாடியுமாக வண்டி வருகிறது. கதவு இல்லை, கூரை இல்லை. தலையில் ஹெல்மெட்டோ துண்டோ கட்டிய ஓட்டுநர் வெயிலிலும் மழையிலும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டி வந்து பட்டறையில் விடுகிறார். மரமும் இரும்புத் தகடும் கொண்டு அங்கே கேபினும் பெட்டியும் கட்டுகிறார்கள். சமையல் எரிவாயு டேங்கர் முதல் முட்டை லாரி வரை நாமக்கல்லில் உருவாகாத வடிவம் குறைவு. தென்மண்டல எரிவாயு டேங்கர் உரிமையாளர்களின் சங்கமும் அந்த ஊரை மையமாகக் கொண்டதுதான். ஆலையே முழுக் கேபினோடு தரும் வண்டிகள் பெருகியபின் சேஸிஸ் ஊர்வலம் குறைந்து வருகிறது. பார்க்க நினைப்பவர்கள் தள்ளிப்போடக் கூடாத காட்சி இது.

திருச்செங்கோட்டின் தனி அடையாளம் ரிக் வண்டி, அதாவது போர்வெல் லாரி. அது தனியாகப் போவதில்லை, சோடியாகவே போகும். ஒன்றின் முதுகில் மடக்கிப் படுக்க வைத்த கோபுரம். மற்றொன்றில் துளையிடும் குழாய்கள், டீசல், ஆட்கள், சமையல் பாத்திரம். பாறைக்குள் இறங்கும் சுத்தியலை அழுத்திய காற்றுதான் இயக்குகிறது. அதற்கான கம்ப்ரசர்களைச் செய்யும் எல்ஜி நிறுவனம் கோவையில் 1960இல் தொடங்கியது. இந்தச் சோடிகள் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று மாதக் கணக்கில் சுற்றுகின்றன. ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறியவையும் உண்டு.

குமாரபாளையத்துக்கும் பவானிக்கும் இடையில் சாலை காவிரியைக் கடக்கிறது. பெருந்துறை சிப்காட், விஜயமங்கலம் சுங்கச்சாவடி, செங்கப்பள்ளி, அவினாசி என்று அடுத்த பகுதி விரைவாகக் கழிந்துவிடும். பின்னலாடைப் பெட்டிகளும் பஞ்சு மூட்டைகளும் மூடிய லாரிகளில் போவதால் கண்ணுக்கு வேலை குறைவு. விதிவிலக்கு காற்றாலை இறக்கைகள். கணவாய் வழியே வரும் தென்மேற்குப் பருவக்காற்றை நம்பிப் பல்லடம், உடுமலைப் பகுதிகளில் காற்றாலைகள் நிற்கின்றன. அவற்றுக்கான இறக்கை ஒன்றை ஏற்றிய டிரெய்லர், இழுத்து நீட்டிய சட்டத்தோடு, முன்னும் பின்னும் காவல் வண்டிகள் வர, ரவுண்டானாவில் திரும்புவதைப் பார்க்க அரை நாள் காத்திருக்கலாம். இப்படிப்பட்ட பெருஞ்சுமைகளை இழுக்கும் வண்டிகளில் என்எல் 01 என்று நாகாலாந்து எண் இருந்தால் குழம்ப வேண்டியதில்லை. பதிவும் வரி நடைமுறையும் எளிது என்பதால் அங்கே பதிவு செய்தவை அவை. கோஹிமாவின் மலைச்சாலையைப் பார்த்தே இராதவை பல.

செங்கப்பள்ளியிலிருந்து நீலாம்பூர் வரை சாலை ஆறு வழி. நீலாம்பூரில் கோவை நகருக்குள் போகாமல் இடப்பக்கம் பிரிவது எல் அண்ட் டி பைபாஸ். சுமார் 28 கிலோமீட்டர் நீளமுள்ள இதைக் கட்டிய நிறுவனத்தின் பெயரே சாலையின் பெயராகிவிட்டது. திருச்சி சாலையையும் பொள்ளாச்சி சாலையையும் குறுக்கே வெட்டிக்கொண்டு மதுக்கரையில் இது பழைய பாலக்காடு சாலையோடு சேர்கிறது. இரு முனைகளுக்கும் அப்பால் அகலமான சாலை, இடையில் இந்த பைபாஸ் மட்டும் இரு வழி. நேருக்கு நேர் மோதல்களுக்குப் பெயர் பெற்ற பாதை என்பதால் பயணிகளுக்கு இது தலைவலி. வண்டி பார்ப்பவருக்கோ, சொல்லக் கூச்சமாக இருந்தாலும், வசதி: எல்லாம் மெதுவாகப் போகும். சாலையோரத்தில் நிற்பதைத் தவிர்த்து, குறுக்குச் சாலைகளின் சந்திப்புகளில் இருக்கும் டீக்கடைகளில் உட்கார்வதே அறிவு.

வழியில் இருகூரில் பாரத் பெட்ரோலியத்தின் எண்ணெய்க் கிடங்கு. கொச்சியிலிருந்து கோவை வழியாகக் கரூருக்குப் போகும் எண்ணெய்க் குழாய் 2002 முதல் இந்தக் கிடங்குக்குப் பெட்ரோலும் டீசலும் கொண்டு வருகிறது. சாலையில் வந்திருக்க வேண்டிய எத்தனையோ டேங்கர்கள் அதனால் மண்ணுக்கடியில் மறைந்துவிட்டன. இருகூரிலிருந்து பெட்ரோல் பங்க்குகளுக்குக் கிளம்பும் குட்டி டேங்கர்கள்தான் கண்ணில் படும்.

மதுக்கரையில் மூன்று வகைப் போக்குவரத்து ஒன்றாகச் சேர்கிறது: பைபாஸில் வரும் நெடுந்தூர லாரிகள், நகருக்குள்ளிருந்து வருபவை, ஊரின் சொந்த வண்டிகள். ஊரின் வண்டிகளுக்குக் காரணம் சுண்ணாம்புக்கல். 1930களில் தொடங்கிய ஏசிசி சிமென்ட் ஆலையைச் சுற்றித்தான் இன்றைய மதுக்கரை வளர்ந்தது. ஏசிசி 2022இல் அதானி குழுமத்தின் கைக்குப் போனது. ஊர்க்காரர்களுக்கு ஆலை இன்றும் ஏசிசிதான்.

சிமென்ட் ஆலை வாசலில் நின்றால் அங்கே நடப்பதை வண்டிகளைக் கொண்டே படித்துவிடலாம். மூட்டை ஏற்றித் தார்ப்பாய் கட்டிய பத்துச் சக்கர லாரி கடைக்குப் போகிறது. வயிறு தொங்கிய உருளைத் தொட்டியோடு வருவது பல்கர். அது சிமென்டைத் தூளாகவே ஏற்றிக்கொண்டு கலவை ஆலைகளுக்குப் போகும். அங்கே கம்ப்ரசர் காற்றைச் செலுத்த, தூள் தண்ணீர்போல் குழாயில் ஏறிக் கிடங்குக்குள் போய்விடும். பல்கர் ஆலைக்குள் வரும்போதும் நிறைந்தே இருந்தால் அதில் இருப்பது பெரும்பாலும் அனல் மின்நிலையச் சாம்பல். போர்ட்லேண்ட் பொசோலானா சிமென்டில் 35 விழுக்காடு வரை சாம்பல் சேர்க்க விதிகள் இடம் தருகின்றன. அனல் மின்நிலையத்துக்குக் கழிவு, இங்கே சரக்கு.

எந்திரங்களின் பெயர்களுக்கும் மதுக்கரை, கிணத்துக்கடவு குவாரிப் பகுதிகள் நல்ல அகராதி. பள்ளம் தோண்டும் எந்த எந்திரத்துக்கும் பொக்லைன் என்று பெயர். அது ஒரு பிரெஞ்சு நிறுவனம். சற்று இளையவர்கள் அதையே ஹிட்டாச்சி என்பார்கள்; அது ஜப்பான் நிறுவனம். முன்னால் வாளியும் பின்னால் கொக்கிக் கையுமாக டயரில் ஓடுவது எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் ஜேசிபி. ஜோசப் சிரில் பேம்ஃபோர்டு என்னும் ஆங்கிலேயரின் முதலெழுத்துகள் அவை; 1979 முதல் அந்த எந்திரம் ஹரியானாவின் பல்லப்கட்டில் தயாராகிறது. ஜல்லி, எம்-சாண்ட் ஏற்றிப் போகும் பெரிய டிப்பர் எல்லாம் டாரஸ். அசோக் லேலண்டின் ஒரு மாடல் பெயர் அந்த இனத்துக்கே பெயரானது. பார்வையாளரின் முதல் வேலை இந்தப் பொதுப்பெயர்களை மறந்து, முகப்பு எழுத்தைப் படிப்பது.

குவாரிக்குள் மட்டும் ஓடும் டம்பர்களுக்குப் பதிவு எண் தேவைப்படாது. சாலை விதிகளுக்குள் அடங்காத அகலம் கொண்டவை அவை. பகுதி பகுதியாக டிரெய்லரில் வந்து, உள்ளே பொருத்தப்பட்டு, பெரும்பாலும் உள்ளேயே ஆயுள் முடிக்கும். சங்கிலிச் சக்கர எக்ஸ்கவேட்டர் தார்ச்சாலையைக் கிழித்துவிடும் என்பதால் தாழ்ந்த டிரெய்லரில் ஏறித்தான் இடம் மாறும். கோவையைச் சேர்ந்த புரொபல் நிறுவனம் இப்போது குவாரிகளுக்காக மின்சார டிப்பரும் செய்கிறது. சத்தத்தை வைத்து வண்டியைச் சொல்லும் வித்தைக்கு அது நல்ல செய்தி அல்ல. ஹாரன் சத்தம் மட்டும் மிஞ்சும். அதற்குப் பேர் போன ரூட்ஸ் நிறுவனமும் கோவைதான்.

குவாரிக்குள் அனுமதியின்றி நுழைவது சட்டப்படி குற்றம், வெடி வைக்கும் நேரத்தில் உயிருக்கும் ஆபத்து. மதுக்கரையில் ராணுவ வளாகமும், நீலாம்பூர்ப் பக்கம் சூலூர் விமானப்படைத் தளமும் இருப்பதால் கேமராவைத் திருப்பும் திசையிலும் கவனம் வேண்டும்.

மதுக்கரையைத் தாண்டியதும் சாலை இறங்கத் தொடங்குகிறது. கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர் உயரம். பாலக்காடு நூறு மீட்டருக்கும் கீழ். மேற்கே போகும் லோடு வண்டி கியரைக் குறைத்துப் பிடித்துக்கொண்டு இறங்கும், கிழக்கே வருவது முனகிக்கொண்டு ஏறும். இதே கணவாயில்தான் போத்தனூர்–பாலக்காடு ரயில் பாதையும் போகிறது. இருபுறமும் யானைக் காடு. 2021 நவம்பர் 26 இரவு நவக்கரை அருகே ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. அதன்பின் மதுக்கரை வனச்சரகத்தில் 12 கோபுரங்களில் கேமராக்கள் பொருத்தி, செயற்கை நுண்ணறிவால் யானை வருவதைக் கண்டு எச்சரிக்கும் அமைப்பு 2024 பிப்ரவரியில் தொடங்கியது.

வாளையாறு ஒருகாலத்தில் வண்டி பார்ப்பவரின் சொர்க்கம், ஓட்டுநரின் நரகம். விற்பனை வரிச் சாவடியில் காகிதம் சரிபார்க்கக் கிலோமீட்டர் கணக்கில் லாரிகள் நின்றன. கோழி லாரியும் தக்காளி லாரியும் அந்த வரிசையில் வாடின. 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்ததும் வரிச் சாவடிகள் போயின, வரிசையும் கரைந்தது. கணவாயின் அந்தப் பக்கத்தில் கேரள அரசின் மலபார் சிமென்ட்ஸ் ஆலை. மதுக்கரையைப் போலவே அதுவும் வாளையாற்று மலைகளின் சுண்ணாம்புக்கல்லை நம்பி வந்தது.

கேரளப் பகுதியில் நின்று பார்க்க இடங்கள் குறைவு. கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் பொதுத்துறை நிறுவனமான பெமல் ஆலை இருக்கிறது. வடக்கஞ்சேரிக்கு அப்பால் குதிரான் மலை. குண்டும் குழியுமான ஏற்றத்தில் லாரிகள் மணிக்கணக்கில் சிக்கிய அந்த இடத்தில், கேரளத்தின் முதல் சாலைச் சுரங்கத்தின் ஒரு குழாய் 2021 ஜூலை 31இல் திறந்தது. அடுத்தது 2022 ஜனவரியில். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் இருட்டை இப்போது சில நிமிடங்களில் கடந்துவிடுகிறார்கள்.

திருச்சூர், சாலக்குடி, அங்கமாலி, ஆலுவா தாண்டியதும் களமசேரி. 2011இல் திறந்த வல்லார்பாடம் கண்டெய்னர் முனையத்துக்கான தனிச்சாலை இங்கே பிரிகிறது. திருப்பூர் பனியன்களும் கோவை பம்புகளும் ஏற்றிய டிரெய்லர்கள் வலப்பக்கம் திரும்பித் துறைமுகம் நோக்கிப் போய்விடுகின்றன. இடப்பள்ளியில் 66ஆம் எண் நெடுஞ்சாலையைத் தொடும் வரை மிச்சமிருக்கும் சில கிலோமீட்டரில் தலைக்கு மேல் மெட்ரோ ரயில். கீழே கார்களும் பேருந்துகளும்.