நோவும் செவியும்

சத்திரசிகிச்சைகள் பலவற்றின் பின் நோயாளிக்கு முதலில் விதிக்கப்படுவது ஓய்வு. முழங்கால் மூட்டு மாற்றப்பட்டவருக்கோ அவ்வோய்வும் நெடிது வாய்ப்பதில்லை. மறுநாளே, சில வேளைகளில் அன்றைக்கே, எழுந்து நிற்கவும் காலை மடக்கவும் வேண்டும். வெட்டுண்ட இடத்தையே இயக்கவேண்டியிருப்பதுதான் இங்குள்ள இடர். நோவுக்கு அஞ்சி அசையாதிருந்தால் மூட்டு இறுகிவிடும். காலில் குருதி உறையும் ஆபத்தும் கூடும். எந்த நடைக்காக இவ்வளவும் தாங்கினாரோ, அந்த நடையே கைநழுவிப் போகலாம்.

மருந்து இன்றியமையாதது. ஆனால், நோவு மருந்துக்கு மட்டும் கட்டுப்பட்டதன்று. 1965 இல் மெல்சாக்கும் வோலும் முதுகுநாணில் நோவுச் செய்தியைத் தடுக்கவும் விடுக்கவும் வல்ல ஒரு ‘வாயில்’ உண்டென்றும், மூளையிலிருந்து இறங்கும் செய்திகளும் அதனை இயக்குமென்றும் கூறினர். அக்கோட்பாட்டின் நுணுக்கங்கள் பின்னர் திருத்தப்பட்டன. அச்சமும் கவனமும் நோவின் அளவை மாற்றும் என்ற உண்மை நிலைத்தது.

அதற்கு ஓராண்டு முன்னர், 1964 இல், அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. வயிற்றுச் சத்திரசிகிச்சைக்குச் செல்லவிருந்தோரிடம் முதல்நாள் இரவு மயக்கமருந்து வைத்தியர் சென்றார். எங்கே நோகும், எவ்வளவு காலம் நோகும், தசைகளை எவ்வாறு தளர்த்துவது, எப்படிப் புரண்டு படுப்பது என்பனவற்றை எடுத்துரைத்தார். இவர்களுக்குத் தேவைப்பட்ட அபின்வகை மருந்து ஏனையோருக்குத் தேவைப்பட்டதில் ஏறத்தாழப் பாதியே!

இதனைக் கண்டு துண்டுப்பிரசுரம் அச்சிடப் புறப்படுவோர் சற்றே பொறுக்கவேண்டும். இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றத்துக்கு முந்திய அறிவூட்டல் பற்றிய 18 ஆய்வுகளை 2014 இல் தொகுத்து நோக்கிய கொக்ரேன் மதிப்பீடு, வழக்கமான பராமரிப்பைவிட அது நோவை மேலும் குறைக்கிறது என்று நிறுவவில்லை. அறிவித்தல் வேறு, அறிவூட்டல் வேறு என்பதே இங்கு நினைக்கத்தக்கது. நோயாளி ‘உளையுது’ என்கிறார், ‘குத்துது’ என்கிறார், ‘விண்விண் என்று தெறிக்குது’ என்கிறார். இவற்றுள் பயிற்சியோடு வந்து தணியும் நோவு எது, கெண்டைக்கால் வீக்கத்தோடு சேர்ந்து உடனே வைத்தியரிடம் சொல்லவேண்டிய நோவு எது என்பதை அவருடைய சொற்களிலேயே பிரித்துக் காட்டுபவர் ஒருவர் வேண்டும். தாள் அதனைச் செய்யாது.

இசையின் செய்தி இதனினும் தெளிவானது. 73 ஆய்வுகளைத் தொகுத்து 2015 இல் ‘லான்செற்’ சஞ்சிகையில் வெளிவந்த கட்டுரை, சத்திரசிகிச்சையின் பின்னரான நோவும் பதற்றமும் நோவகற்றி மருந்துகளின் தேவையும் இசையாற் குறைந்தன என்றது. எனினும், பொதுவிடுதியில் ஒருவருக்கு இன்பந்தரும் நாதஸ்வரம் அடுத்த கட்டிலில் இருப்பவருக்கு இரைச்சலாகலாம். அவரவர் விரும்பியதை அவரவர் காதுக்குள் மட்டும் ஒலிக்கவிடுவதே தகும். அதுவும் காலை மடக்கும் பயிற்சிக்குச் சற்று முன்னர் தொடங்கி, இயன்மருத்துவரின் குரல் கேட்குமளவுக்குத் தாழ்வாக.